நிரந்தரமாக மூடப்பட்டது

வாங்க மேடம். அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, துணியில கறை புடிச்சிரும். இந்தா, இந்தச் சேர்ல உக்காருங்க. பயிற்சி ஆபீஸ்ல இருந்துதானே வர்றீங்க? போன்ல சொன்னாங்க. டிஜிட்டல்ல முன்னுக்கு வந்த சின்னக் கடைக்காரங்க கதையைச் சேத்து புத்தகமாப் போடுறீங்களாம், அதுல தவசி கறிக்கடையும் வருதாம். போடுங்க. ஆனா நான் சொல்றதச் சொன்னபடி போடணும். பாதியப் போட்டு பாதிய முழுங்குனீங்கன்னா எனக்குக் கோவம் வந்துரும். கோவம் வந்தா நான் மனுசனே இல்ல. அருப்புக்கோட்டையில யார வேணா கேட்டுப் பாருங்க.

சும்மா சொன்னேன். பயந்துட்டீங்களா?

மாரி, மேடத்துக்கு டீ போடு. என் சம்சாரம் மாரீஸ்வரி. வீடு கடைக்குப் பின்னாடியேதான். அந்தா மூலையில போனைப் பாத்துக் குனிஞ்சு உக்காந்திருக்கான் பாருங்க, அவன் என் தம்பி முனீஸு. ஆர்டர் பூராம் அவன்தான் பாக்குறான். இடது கையில வெரலு இல்ல, வலது கை ஒண்ணாலேயே டைப் அடிப்பான், என்ன வேகம்ங்கிறீங்க. வெரலு ஏன் இல்லன்னு கேக்காதீங்க. அதுக்குத்தான் வர்றேன். அத விட்டா இந்தக் கடைக்குக் கதையே இல்ல.

எங்கய்யா இருந்தப்ப இது ஒரே கடை. அவரு போன பெறகு முனீஸு தனியாப் போறேன்னான். போடா போன்னுட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் கடையப் போட்டான். சண்டையெல்லாம் இல்ல. ஒரு தடவை எடைக்கல்லைத் தூக்கி எறிஞ்சேன், அதுவும் அவன் மேல படல, குனிஞ்சுட்டான். அதையெல்லாம் சண்டைன்னு சொல்ல முடியாதுல்ல.

அவனுக்கு இந்தப் போனு, மேப்பு இதுலயெல்லாம் ஒரு கிறுக்கு. நீங்க கல்யாண மண்டபத்துல பயிற்சி நடத்துனீங்கல்ல, அதுக்கு என்னைய இழுத்துட்டு வந்ததே அவன்தான். "அண்ணே, பைபாஸ் பக்கம் புதுசு புதுசாக் காலனி வருது. அவுக நம்மூரு ஆளுக இல்ல. நல்ல கறி எங்க கெடைக்கும்னு பக்கத்து வீட்ல கேக்க மாட்டாக, போனைத்தான் கேப்பாக. போன்ல இல்லன்னா நம்ம கடையே இல்லன்னு அர்த்தம்"னான். அவன் கடையோட சேத்து என் கடையையும் மேப்புல ஏத்துனான். படம் புடிச்சுப் போட்டான். எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு என் போனைப் பூராம் தமிழுக்கு மாத்திக் குடுத்தான். பாஸ்வேர்டும் அவன்தான் போட்டான். இத நல்லா மனசுல வச்சுக்கங்க மேடம். பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும்.

யாவாரம் ஏறுச்சு, இல்லன்னு சொல்லல. காலனி ஆளுக கார்ல வந்து எறங்குனாக. சுவரொட்டி இருக்கான்னு போன்லயே கேட்டு எடுத்து வைக்கச் சொல்லுவாக. ஆட்டு மண்ணீரலைத்தான் நாங்க சுவரொட்டிங்கிறது, ரத்தம் ஊறும்னு வாங்குவாக. ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான் இருக்கும், அதுக்கு அடிச்சுக்குருவாக. எனக்கே சிரிப்பா வரும், போனுக்குள்ள இருந்து மனுசங்க வர்ற மாதிரி வந்துக்கிட்டே இருந்தாக.

அப்பத்தான் ஒரு ஆளு ஒத்த ஸ்டாரப் போட்டான். சேதுமாதவன்னு பேரு, ஏதோ ஆபீஸரு. "எலும்பு அதிகம். ஓனருக்கு மரியாதை தெரியவில்லை"ன்னு எழுதியிருந்தான். முனீஸு படிச்சுக் காட்டுனான். "விடுண்ணே, நன்றி, சரி பண்ணிக்கிறோம்னு பதில் போட்டுருவோம்"னான். எதுக்கு நன்றி? நான் ஒரு பை நெறைய எலும்ப அள்ளிக்கிட்டு அந்த ஆளு வீட்டுக்குப் போனேன். குடும்பத்தோட சாப்புட்டுக்கிட்டு இருந்தாக. மேசை மேலேயே கொட்டுனேன். பிடரியப் புடிச்சு அமுக்கி, "எண்ணுங்க சார், எம்புட்டு அதிகம்னு எண்ணிச் சொல்லுங்க"ன்னேன். சார்னுதான் சொன்னேன், மரியாதை கொறையல. எண்ணுனாரு. மூக்கு ஒழுக ஒழுக எண்ணுனாரு. அவுக வீட்டம்மா போனை எடுத்தாக. போலீசுக்குத்தான்னு நெனச்சேன். இல்ல, அஞ்சு ஸ்டாருக்கு மாத்துனாக.

அதுக்குப் பெறகு ஒரு பயலும் கொறச்சுப் போட்டதில்ல. நீங்களே பாத்திருப்பீங்க, பூராம் அஞ்சுதான். கொறை சொல்ற கஸ்டமர்கிட்ட நேர்ல போய்ப் பேசணும்னு பயிற்சியில நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. போய்ப் பேசுனேன். எழுதிக்கங்க.

இப்ப புரட்டாசிக்கு வர்றேன். புரட்டாசி மாசம் எங்க குடும்பத்துல கத்தியத் தொடுறதில்ல. எங்கய்யா தொட்டதில்ல, நானும் தொட்டதில்ல. கடைய மூடிருவோம், துளசித் தண்ணி, விரதம், பெருமாள் கோயிலு. முனீஸு அந்த வருசம் தொறந்தான். "திங்கிற ஆளு இருக்காகண்ணே. பள்ளிவாசல் தெருவுல இருக்காக, சர்ச்சுத் தெருவுல இருக்காக, ஓட்டல்காரங்க கேக்குறாங்க"ன்னான். பஸ் ஸ்டாண்டுல வச்சு ஒரு அறை விட்டேன். வெத்தல போட்டவன் மாதிரி வாய் செவந்து போச்சு. விரதத்துல இருக்கவன கை நீட்ட வச்சுட்டானேன்னு எனக்கு அது வேற வருத்தம்.

அந்த விரதத்துல ஒரு நாளு என் போனு கேக்குது மேடம். என் கடைப் படத்தப் போட்டு, கடை மூடியிருக்கான்னு கேக்குது. தமிழ்லதான் கேட்டுச்சு. கீழ ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு 'தற்காலிகமாக மூடப்பட்டது'. இன்னொண்ணு 'நிரந்தரமாக மூடப்பட்டது'. நான் எதை அமுக்குவேன், நீங்களே சொல்லுங்க. தற்காலிகம்னா என்ன? என் மச்சினன் முனிசிபாலிட்டியில தற்காலிகமா வேலை பாத்தே தலை நரைச்சுட்டான், ஒரு பய பொண்ணு குடுக்கல. நம்ம கடை அப்படியா? ஒரு வருசம் தப்பாம புரட்டாசின்னா மூடுறவங்க நாங்க. இந்த வருசத்துக்கு மட்டும் நேந்துக்கிட்டு மூடல, நிரந்தரமா மூடுறோம். நிரந்தரம்னு அமுக்குனேன். அது விடல, உறுதியாவான்னு மறுபடி கேட்டுச்சு. உறுதிதான்னு அதையும் அமுக்குனேன். மெசினுக்காவது தெரியட்டும், அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல கொள்கைக்காரன் எவன்னு.

என்ன மேடம், எழுதுறத நிறுத்திட்டீங்க? பேனா எழுதலையா? முனீஸு, மேடத்துக்கு ஒரு பேனா குடு. பேனா இருக்கா, சரி சரி.

ஐப்பசி பொறந்துச்சு, தொறந்தேன். யாவாரம் சப்புன்னு இருந்துச்சு. விரதம் விட்டு இன்னும் ஆளுக வாய்க்குப் பழகலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் தீவாளி வந்துச்சு. எங்க தொழிலுக்கு அதுக்கு மேல நாளு கெடையாது. விடியுறதுக்கு முன்னாடியே அறுத்து வரிசையாத் தொங்க விட்டுட்டேன். பழைய ஆளுக வந்தாக, கால்கிலோ அரைக்கிலோ வாங்குனாக, போனாக. காலனி ஆளு ஒருத்தன் எட்டிப் பாக்கல. போனு மூச்சே விடல. வெயிலு ஏறுது, ஈ மொய்க்குது, தொங்குற கறி கறுக்குது. நான் கத்திய வச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். அவமானமா இருந்துச்சு மேடம். எங்கய்யா படத்தப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு.

உச்சி நேரத்துக்குக் காலனி ஆளு ஒருத்தரு வெடி வாங்க வந்தவரு, என்னையப் பாத்ததும் வண்டிய நிறுத்திட்டாரு. "அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா? உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பேசிக்கிட்டாங்களே"ன்னாரு. எனக்கு என்னன்னேன். போனை நீட்டுனாரு. என் கடைப் பேருக்குக் கீழ செவப்புல ரெண்டு வார்த்த, இங்கிலீஷ்ல. "கடைய ஒரேயடியா இழுத்து மூடியாச்சுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. நாங்க பூராம் முனீஸ் கடையிலதான் வாங்குறோம்"னாரு.

இழுத்து மூடியாச்சாம். நான் உசுரோட கத்தியும் கையுமா நிக்கிறேன், இழுத்து மூடியாச்சாம்.

எவன் செஞ்சிருப்பான்? நீங்க சின்னப் புள்ளை, இருந்தாலும் சொல்லுங்க. பாஸ்வேர்டு எவனுக்குத் தெரியும்? என் கடை போனா எவன் கடையில கூட்டம் ஏறும்? பஸ் ஸ்டாண்டுல எவன் அறை வாங்குனான்? ரோசிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு. என் போனைக் கட்டையில வச்சு ஒரே போடு, ரெண்டாப் போச்சு. அதே கத்தியோட நடந்தேன். மாரி பின்னாடியே ஓடியாந்து கையப் புடிச்சா. தள்ளி விட்டேன், சாக்கடைப் பக்கம் போயி விழுந்தா. நெத்தியில தழும்பு இருக்கும் பாருங்க, அது அன்னைக்கு உள்ளது. நானா தள்ளணும்னு தள்ளல, குறுக்க வந்தா என்ன செய்யுறது.

அவன் கடையில கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். நான் வர்ற வேகத்தப் பாத்து வழி விட்டாக. முனீஸு தலையே நிமிரல. தொடைக்கறிய இடது கையால கட்டையில அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, "சொல்லுங்கண்ணே, எம்புட்டு வேணும்?"னான். கஸ்டமருன்னு நெனச்சுட்டான். அந்தக் கை மேல போட்டேன்.

ஒரே வெட்டு. தொழில் சுத்தமாத்தான் செஞ்சேன். கறி எது வெரலு எதுன்னு தெரியல. ஒரு அம்மா தூக்குவாளிய நீட்டிக்கிட்டு நின்னாக, ஒரு வெரலு அதுக்குள்ளயே போயி விழுந்துச்சு. அந்தம்மா கத்துன கத்துல பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு. முனீஸு கத்தல. துண்டைச் சுத்திக்கிட்டு என்னைய நிமுந்து பாத்து, "ஏண்ணே?"ன்னான். ஏண்ணேயாம். செய்யிறதையும் செஞ்சுட்டு என்ன நடிப்பு நடிக்கிறான்னு எனக்கு இன்னும் ஏறிருச்சு. மறுபடியும் ஓங்குனேன். கறி வாங்க வந்தவக கட்டிப் புடிச்சுட்டாக. இல்லாட்டி தலை போயிருக்கும், நெசமாச் சொல்றேன்.

ஆஸ்பத்திரியில போலீசு வந்து கேட்டுருக்கு. இவன் என்ன சொன்னான் தெரியுமா? "தீவாளி அவசரம் சார், என் கத்தி எனக்கே தவறிருச்சு"ன்னு சொல்லிட்டான். அம்புட்டுக் கூட்டம் பாத்துச்சு, ஒருத்தரும் வாயத் தொறக்கல. கேசும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊருல சொல்றாக, தம்பி தங்கமான புள்ள, அண்ணனக் காப்பாத்திட்டான்னு. எனக்குச் சிரிப்பு வரும். தப்பு செய்யாதவன் எதுக்கு என்னையக் காப்பாத்தணும் மேடம்? மடியில கனம் இருந்துச்சு, வாய மூடிக்கிட்டான். எனக்கு அதுக்கு மேல சாட்சி வேண்டியதில்ல.

இருந்தாலும் கூடப் பொறந்தவன். கறியப் புடிக்கிற கை போனா கத்தி புடிக்கிற கை எதுக்கு ஆகும்? அவன் கடைய மூடிட்டு வீட்ல உக்காந்துட்டான். நான்தான் போயிக் கூட்டியாந்தேன். என் கடையில வந்து உக்காருடா, போனைப் பாருன்னேன். யாரு செய்வா? நீங்க சொல்லுங்க, வேற அண்ணன் யாராவது செய்வானா?

வந்த அன்னைக்கே புதுப் போன்ல என் கடையத் தொறந்து விட்டான், மேப்புல. எதையோ தோண்டித் தோண்டிப் பாத்தான். அப்புறம் என் மூஞ்சியப் பாத்தான். என்னடான்னேன். "ஒண்ணும் இல்லண்ணே"ன்னான். அவன் செஞ்ச வேலைய அவன் கண்ணாலேயே பாத்து உள்ளுக்குள்ள கூசியிருப்பான்.

வளர்ச்சிதான கேட்டீங்க, எல்லாம் அதுக்குப் பெறகுதான். ஓட்டல் ஆர்டர் பூராம் இப்ப முதல் நாளே போன்ல வந்துருது. காலையில ஆட்ட வீடியோவுல காட்டுவோம், இந்தக் கிடாயில தொடை எனக்கு, அந்தக் கிடாயில ஈரல் எனக்குன்னு காலனி ஆளுக அங்கேயே சொல்லிருவாக. விருதுநகர் வரைக்கும் வண்டியில போகுது. ரெண்டாவது கடை பாத்தாச்சு, வர்ற தை மாசம் தொறக்குறோம். புரட்டாசியிலயும் இப்ப மூடுறதில்ல. ஓட்டல்காரங்க கேக்குறாங்க மேடம், யாவாரம்னு வந்துட்டா என்ன பண்ணச் சொல்றீங்க. இதுல எது அவன் ரோசனை எது என் ரோசனைன்னு பிரிக்காதீங்க. கடை என் பேர்ல இருக்கு.

எனக்கு ஒரே ஒரு கொறைதான். அவன் இன்னும் ஒத்துக்கல. தெனமும் காலையில கடை தொறந்ததும் கேப்பேன், "நீதானடா மூடுனது?" "இல்லண்ணே"ம்பான். அப்ப எவன்டான்னா, தலையக் குனிஞ்சுக்குவான். ரெண்டு அறை விழும். மறுநாளும் அதேதான். நான் என்ன கேக்குறேன், நான்தான்னு ஒரு வார்த்த. கையக் காலக் கேட்டனா? அந்த ஒரு வார்த்த இல்லாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. ஒருவேளை அவன் இல்லையோ, ஒருவேளை நாமதான் அவசரப்பட்டுட்டமோன்னு கிறுக்குத்தனமா ஒரு நெனப்பு வந்து உக்காந்துக்கிருது. வந்தா அன்னைக்குப் பூராம் கத்தி சரியா எறங்காது.

என்ன கேட்டீங்க? மெதுவாச் சொல்லுங்க, எனக்கு விளங்கல.

வேற போன்ல இருந்து பாஸ்வேர்டு போட்டு உள்ள வந்திருந்தா என் போனுக்குத் தகவல் வந்திருக்குமா? யாரோ நுழையுறாங்கன்னு? அப்படி ஒண்ணும் வரல மேடம். தெனமும் போனப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அப்ப என் போன்ல இருந்தேதான் மூடியிருக்காகளா? என்ன சொல்றீங்க. நீங்க படிச்சவக, சரியாத்தான் சொல்லுவீங்க. ஆனா என் போனு அந்த மாசம் எங்கேயும் போகல. முனீஸு வீட்டுப் பக்கமே வரல, அறை வாங்குனவன் எப்படி வருவான். போனு வீட்லயேதான் கெடந்துச்சு. நான் எடுப்பேன். நான் இல்லாட்டி.

நானா? என்ன மேடம் பேசுறீங்க. நான் அமுக்குனது புரட்டாசிக்கு. நிரந்தரம்னு அமுக்குனேன். அது வேற, இழுத்து மூடுறது வேற. தமிழு தெரியாதா உங்களுக்கு? குறுக்க பேசாதீங்க. நான் ரோசிச்சுக்கிட்டு இருக்கேன்ல.

நான் இல்லாட்டி மாரி எடுப்பா. நாடகம் பாக்கணும்னு வாங்கி வச்சுக்கிருவா. நான் கோயிலுக்குப் போற நேரமெல்லாம் அவகிட்டதான் இருக்கும்.

மாரி. இங்க வா. டீயெல்லாம் அப்புறம் குடுக்கலாம், கீழ வச்சுட்டு வா. இவளுக்கு எப்பவுமே கொழுந்தன்னா ஒரு எரக்கம். அவனப் பஸ் ஸ்டாண்டுல அடிச்சதுக்கு அன்னைக்குப் பூராம் என்கிட்ட பேசல. அப்ப இவதான் மேடம். இவதான். என் வீட்லயே சோறு தின்னுட்டு என் கடைய மூடியிருக்கா. பக்கத்துல வாடி. எதுக்கு அழுகுற, நீ செய்யலன்னா எதுக்கு அழுகுற? கையக் கொண்டா. எந்தக் கைய வச்சு அமுக்குன? கட்டையில வையி. வையிடி. மேடம், நீங்க உக்காருங்க, இது எங்க குடும்ப விசயம். போனக் கீழ வைங்க. யாருக்கும் போன் போடக் கூடாது.

முனீஸு, நகரு. குறுக்க கைய வைக்காத, அதுல இனிமே வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. நகருடா.

என்ன சொன்ன?

திரும்பச் சொல்லு. மொணங்காத. சத்தமாச் சொல்லு, மேடத்துக்குக் கேக்கணும்.

கேட்டீங்களா மேடம்? கேட்டீங்களா? "நான்தாண்ணே மூடுனேன். மதினி இல்ல. யாரும் இல்ல. நான்தான்"ங்கிறான். நான் சொல்லல? அன்னைக்கே சொன்னேனா இல்லையா? நீங்க தகவல் வரும் அது இதுன்னு என்னையக் கொழப்பி விட்டீங்க. பாருங்க, கண்ணு கலங்கி நிக்கிறான். இந்தா, இத வாங்கிக்க. இதையும் வாங்கிக்க. அறை விழுகட்டும் மேடம், தடுக்காதீங்க, இம்புட்டு நாளு இழுத்தடிச்சதுக்கு. இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா வெரலு இருந்திருக்கும்லடா.

அம்மாடி. நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்குன மாதிரி இருக்கு மேடம். இன்னைக்குத்தான் சோறு எறங்கும்.

மாரி, போதும், எந்திரி. அவன் காலக் கட்டிக்கிட்டு அழுகுறதுக்கு என்னடி இருக்கு? தப்புப் பண்ணுனவன் அவன். விழணும்னா அவன்ல நம்ம கால்ல விழணும்.